மலையக டவுன் சந்தி: சிக்னல் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு சிறிய டவுன். கேட்டவர் அங்கே புதிதாகத் தெரிவான சபை உறுப்பினர். பிரதான வீதியிலிருந்து தோட்டங்களுக்கு ஒரு வீதி பிரியும் இடத்தில் பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது. காலையிலும் பாடசாலை விடும் நேரத்திலும் சந்தி அடைத்துக்கொள்கிறது. சிக்னல் விளக்கு வேண்டும் என்கிறார்கள் சிலர், மேம்பாலம் வேண்டும் என்கிறார்கள் சிலர். வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் சைக்கிள் பாதை போடச் சொல்லியிருக்கிறார். கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் எதை முதலில் செய்வது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக்னலை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மேம்பாலத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பஸ் எங்கே நிற்கிறது, அதிலிருந்து இறங்குகிறவர் எந்தப் பக்கம் போகிறார், போகிற வழியில் அவருக்குக் கால் வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மலையக டவுன் சந்தியில் முக்கால்வாசிச் சிக்கல் இந்த மூன்றுக்குள்தான் கிடக்கும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் டவுன்கள் எப்படி உருவானவை என்று பாருங்கள். ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, அப்புத்தளை என எதை எடுத்தாலும் பெரும்பாலும் ஒரே தெருதான். கோப்பியும் பிறகு தேயிலையும் இறங்கிய வழியில், ரயில் நிலையத்தை ஒட்டி, சுற்றியுள்ள தோட்டங்களுக்குச் சாமான் விற்க எழுந்த கடைத்தெரு. ரயில் 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1884இல் ஹட்டனுக்கும் வந்தது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம் அல்லது தண்டவாளம். ஆகவே கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ செய்வதுபோல ஒரு வழியை அடைத்துவிட்டு இன்னொரு வழியால் வாகனத்தைச் சுற்றிவிட முடியாது. ஹட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அவிசாவளையிலிருந்து நுவரெலியா போகும் ஏ7 வீதிதான் அங்கே கடைத்தெருவும். மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் போகிறவர்களும் அந்த டவுனைத் தொட்டுத்தான் டிக்கோயா வீதியில் இறங்க வேண்டும். தூரப் பயணமும் அரிசி வாங்க வந்தவரின் பயணமும் ஒரே பத்து மீட்டர் அகலத்துக்குள் நடக்கின்றன.

இப்படிப்பட்ட தெருவில் வாகனத்தை மட்டும் எண்ணித் திட்டம் போட்டால் என்ன ஆகும்? கணக்கெடுப்பில் பஸ்ஸுக்கு ஒரு மதிப்பு, ஆட்டோவுக்கு ஒரு மதிப்பு என்று எல்லாவற்றையும் காராக மாற்றிக் கூட்டுவார்கள். ஐம்பது பேரை ஏற்றி வந்த பஸ் அந்தத் தாளில் இரண்டு மூன்று காராக நிற்கும். அதிலிருந்து இறங்கிய ஐம்பது பேர் தாளிலேயே இருக்க மாட்டார்கள். பிறகு அந்தத் தாளை வைத்து, ‘சந்தியில் வாகனக் கொள்ளளவு போதாது, வீதியை அகலப்படுத்த வேண்டும்’ என்று முடிவெழுதுவார்கள். அகலப்படுத்த இடம் எங்கிருந்து வரும்? நடைபாதையிலிருந்து, இல்லாவிட்டால் மேட்டை வெட்டி. இரண்டுமே நமக்குக் கட்டுப்படியாகாது.

ஆகவே முதல் வேலை நடக்கிறவர்களை எண்ணுவது. இதற்குக் கொழும்பிலிருந்து யாரும் வரத் தேவையில்லை. உயர்தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளைகள் பத்துப் பேர், டவுனின் பெரிய வரைபடம் ஒன்று, பென்சில். காலை ஆறரையிலிருந்து மாலை ஆறரை வரை, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தாள். ஒவ்வொருவரும் எந்த இடத்தில் வீதியைக் கடக்கிறார் என்று கோடு இழுக்க வேண்டும். மஞ்சள் கோட்டில், அதாவது பாதசாரிக் கடவையில், கடக்கிறார்களா என்று பார்ப்பது நோக்கமில்லை. அவர்கள் கடக்கும் இடத்தில் மஞ்சள் கோடு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். சாதாரண வேலை நாள் ஒன்று, சந்தை நாள் ஒன்று, தோட்டச் சம்பளம் கொடுக்கும் பத்தாம் திகதியை ஒட்டி ஒரு நாள், முடிந்தால் மழை நாள் ஒன்று. பாடசாலை விடும் ஒன்றரை மணியையும் மாலையில் வேலை முடிந்து ஆட்கள் டவுனுக்கு வரும் நேரத்தையும் தவறவிடாதீர்கள். வாகனப் புள்ளிவிவரத்தில் அவை பெரிய நேரங்களாகத் தெரியாமல் போகலாம்.

அந்த வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அனேகமாக இரண்டு மூன்று இடங்களில் கோடுகள் கறுப்பாக அப்பியிருக்கும். பஸ் வாசலிலிருந்து எதிர்ப்பக்கக் கடைக்கு, ரயில் நிலையப் படியிலிருந்து பஸ்ஸுக்கு, பாடசாலை வாசலிலிருந்து ஆட்டோ நிற்கும் இடத்துக்கு. மஞ்சள் கோடு இருக்கும் இடம் இவற்றிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, ஏதோ ஒரு காலத்தில் யாரோ கேட்டுக்கொண்டதால் போட்டதாக இருக்கும். மூட்டையோடு வருகிறவர் அவ்வளவு தூரம் போய்த் திரும்ப மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோட்டைத்தான் நகர்த்த வேண்டும்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். உங்கள் சந்தி ஏன் அடைக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பக்கத்தில் மணிக்கு 600 வாகனங்கள் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆறு விநாடிக்கு ஒன்று. சந்தியைத் தாண்டி 30 மீட்டரில் ஒரு பஸ் நின்று ஆட்களை ஏற்றுகிறது, 40 விநாடி. அதற்குள் ஏழு வாகனங்கள் பின்னால் வந்து நிற்கும். ஒவ்வொன்றும் இடைவெளியோடு ஆறு மீட்டர் என்றால் வரிசை 42 மீட்டர். அதாவது சந்தியின் வாய் அடைபட்டாயிற்று. இப்போது தோட்ட வீதியிலிருந்து வரும் தேயிலைக் கொழுந்து லொறி வலப்பக்கம் திரும்ப முடியாது, அதன் பின்னால் ஆட்டோக்கள், அவற்றின் பின்னால் பாடசாலை வேன். இந்த இடத்தில் சிக்னல் போட்டால் பச்சை விழும், ஆனால் போக இடம் இருக்காது. வெளியே போகும் வாய் அடைத்திருக்கும்போது உள்ளே வரும் வாய்க்கு விளக்கு வைத்து என்ன பயன்? பஸ் நிற்கும் இடத்தை இன்னும் 40 மீட்டர் தள்ளினாலோ, வீதிக்கு வெளியே ஒரு பஸ் நீளத்துக்கு ஒதுக்கிடம் கொடுத்தாலோ, பாதி நெரிசல் அன்றைக்கே குறையும்.

‘பஸ் ஸ்டாண்டையே டவுனுக்கு வெளியே கொண்டுபோனால் என்ன’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வேண்டாம். ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கட்டினால், இதுவரை நடந்தே முடித்த வேலைக்கு ஆட்டோ பிடிக்க வேண்டிவரும். டவுனுக்குள் பஸ் குறையும், ஆட்டோ கூடும். பஸ்ஸில் வந்தவர் ஆஸ்பத்திரிக்கும் தபால் கந்தோருக்கும் வங்கிக்கும் நடந்து போக முடிவதுதான் சிறிய டவுனின் பெரிய வசதி. அதைக் கெடுத்துவிட்டுச் சந்தியைத் திருத்தினேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை. பஸ் ஸ்டாண்ட் அங்கேயே இருக்கட்டும். புறப்பட நேரம் வராத பஸ்கள் மட்டும் வேறிடத்தில் காத்திருக்கட்டும். அதற்கு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) டிப்போவும் தனியார் பஸ் நேரக் கண்காணிப்பாளரும் மாகாணப் போக்குவரத்து அதிகார சபையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். கொங்கிரீட் போடுவதைவிட இது கடினமான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

மேம்பாலத்தை ஏன் அப்படி ஒரேயடியாக மறுத்தேன்? லொறியும் பஸ்ஸும் கீழே போக இடம்விட்டு, பாலத்தின் தடிப்பையும் சேர்த்தால், ஏற வேண்டிய உயரம் சுமார் ஆறு மீட்டர். 15 சென்டிமீட்டர் படி என்றால் ஏற நாற்பது, இறங்க நாற்பது. சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பாதை போடலாம் என்றால், 12க்கு 1 என்ற சாய்வில் ஒரு பக்கத்துக்கு மட்டும் 72 மீட்டர் வேண்டும், இடையில் நின்று இளைப்பாறும் தளங்கள் தனி. அவ்வளவு நீளத்துக்கு உங்கள் டவுனில் காலி இடம் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்துவிட்டு வந்த ஒரு பெண்ணை, சாலையைக் கடக்க இன்னும் எண்பது படி ஏறி இறங்கச் சொல்வதற்கு நமக்கு மனம் வரக்கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மேல் தெருவும் கீழ்த் தெருவும் உள்ள டவுனில், மேல் தெரு மட்டத்திலிருந்தே பாலம் நேராகப் போய் ரயில் நிலையத்தின் மேற்படியில் சேருமானால், அது ஏறுவதற்கான பாலம் இல்லை, மலை தந்த குறுக்குவழி. அப்படி ஒரு இடம் இருந்தால் பயன்படுத்துங்கள்.

அடுத்து, சந்தியின் வாய் அகலம். பொறியியலாளர்கள் பலரும் கண்டுகொள்ளாமல் விடும் விஷயம் இது. ஆனால் குறைந்த செலவில் அதிகப் பயன் தருவது இதுதான் என்பது என் அபிப்பிராயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 6 மீட்டர் அகலமுள்ள பக்கத் தெரு ஒன்று பிரதான வீதியில் சேருகிறது. இரண்டு மூலைகளையும் 10 மீட்டர் ஆரத்தில் வளைத்து விரித்திருக்கிறார்கள். பிரதான வீதியின் ஓரமாக, அதன் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் பக்கத் தெருப் பக்கமாகத் தள்ளி நேராக நடந்து வருகிறவர் அந்த வாயைக் கடக்க 17 மீட்டர் போக வேண்டும். அதே மூலைகளை 4 மீட்டர் ஆரமாகச் சுருக்கினால் தூரம் 9 மீட்டருக்கும் குறைவு. விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற வழக்கமான நடை வேகத்தில் முதலாவதுக்கு 14 விநாடி, இரண்டாவதுக்கு 7 விநாடி. வயதானவர் என்றால் இன்னும் கூடும். அகன்ற வாயில் வாகனம் வேகம் குறைக்காமலேயே திரும்பும், குறுகிய வாயில் குறைத்தே ஆக வேண்டும். வெறும் விளிம்புக் கல்லை நகர்த்துவதால் கிடைக்கும் பலன் இது.

‘பஸ் திரும்புமா?’ நியாயமான கேள்வி. பெரிய பஸ் முழுதாகத் திரும்ப ஏறக்குறைய 12 மீட்டர் வெளி ஆரம் கேட்கும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, பஸ் போகாத தெருக்களில் மட்டும் முழுதாகச் சுருக்குவது. மற்றது, மூலையில் பெரிய வாகனம் மட்டும் ஏறிப் போகக்கூடிய சொரசொரப்பான கல் பட்டை ஒன்றை விட்டு, ஆட்டோவும் காரும் அதற்கு வெளியே சுற்றிவரும்படி செய்வது. நாளுக்கு நாலு முறை வரும் லொறிக்காக மிச்ச நேரம் முழுக்க ஆட்டோக்காரர் வேகமாகத் திரும்பும்படி சந்தியைத் திறந்து வைப்பது சரியில்லை. லொறி எதிர்த்தடத்தைக் கொஞ்சம் எடுத்துத் திரும்பட்டும். மலை வளைவுகளில் அது தினமும் அப்படித்தான் செய்கிறது.

சுற்றுவட்டம் பற்றியும் கேட்பீர்கள். பதுளையில், நுவரெலியாவில் பார்த்திருப்பீர்கள். நான்கு வீதி சேரும் சாதாரணச் சந்தியில் வாகனங்கள் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32; ஒற்றைத் தடச் சுற்றுவட்டத்தில் 8. மூன்று வீதிச் சந்தியில் 9, சுற்றுவட்டமாக்கினால் 6. நல்ல பலன்தான். ஆனால் தரை ஓரளவு சமமாக இருக்க வேண்டும். நான்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் சரிவு உள்ள இடத்தில், மேலிருந்து இறங்கி வருகிறவர் வட்டத்துக்குள் இருக்கும் வாகனத்துக்கு வழிவிட்டு நிற்பது நம்ப முடியாத காரியம். மழையில் இன்னும் மோசம். உங்கள் சந்தி சமதரையில் இருந்தால் ஒரு சின்ன வட்டத்தைப் பெயின்டிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். இறக்கத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இறக்கம் என்றதும் வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 மே மாதம் கொத்மலை, கெரண்டி எல்லப் பகுதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது நாடே பேசியது. டவுனுக்குள் ஒரு பாட்டியின் இடுப்பு ஒடிந்தால் பத்திரிகையில் வராது. அதனால் டவுனுக்குள் வேகம் ஒரு பிரச்சினையாகவே கருதப்படுவதில்லை. கட்டடங்கள் நிறைந்த பகுதியில் காருக்குச் சட்டப்படியான எல்லை மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வருகிறவர் ஆளைக் கண்டு பிரேக் போட்டு நிற்கச் சமதரையில் சுமார் 65 மீட்டர் வேண்டும், 9 சதவீத இறக்கத்தில் சுமார் 74 மீட்டர். 30 கிலோமீட்டரில் வந்தால் 35 மீட்டருக்குள் நின்றுவிடலாம். நம் டவுன்களில் வளைவுக்கு அப்பால் 40 மீட்டர் தெரிவதே பெரிய விஷயம். அப்படியென்றால் 30க்கு மேல் வருகிறவர் பார்வைக்கு எட்டாத இடத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார் என்றுதான் பொருள். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ச்சேத விபத்தின் ஆபத்து சுமார் நான்கு சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பலகை வைத்தால் வேகம் குறையாது. டவுன் தொடங்கும் இடத்திலேயே வீதி குறுகியதாகத் தெரிய வேண்டும். பாதசாரிக் கடவை நடைபாதை மட்டத்துக்கு உயர்ந்து, தட்டையான மேடையாக இருக்க வேண்டும். பஸ் போகும் வீதியில் அந்த மேடையின் உயரம் 75 மில்லிமீட்டர் போதும், ஏறும் சாய்வு நீளமாக இருக்கட்டும். செங்குத்து இறக்கத்தின் அடிவாரத்தில் மட்டும் திடீரென்று மேடு போடாதீர்கள். பிரேக் சூடேறி வரும் லொறிக்கு அது ஆபத்து. மேலேயே, சரிவு தொடங்கும் இடத்திலேயே வேகத்தை அடக்க வேண்டும்.

இங்கே ஒரு மலையகச் சிக்கல். உயர்த்திய கடவை மழைநீருக்கு அணைக்கட்டாகிவிடும். விளிம்போரம் ஓடிவரும் தண்ணீர் அங்கே தேங்கி, எதிரே உள்ள கடைக்குள் போகும். மறுநாளே கடைக்காரர் கடப்பாரையோடு வந்து மேட்டை உடைப்பார், அதில் அவர் மேல் தப்புமில்லை. மேடைக்கு அடியில் குழாய் விடுவதையும், மேல்பக்கத்தில் இரும்புக் கம்பி மூடியுள்ள கானுக்குத் தண்ணீரைத் திருப்புவதையும் வரைபடத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

கான் என்றதும் நடைபாதை. நம் டவுன்களில் நடைபாதை என்று நாம் சொல்வது பெரும்பாலும் கானின் மேல் போட்ட கொங்கிரீட் மூடிகள்தான். ஒன்று உடைந்திருக்கும், ஒன்று ஆடும், ஒன்றைத் துப்புரவுக்காகத் தூக்கியவர்கள் திருப்பி வைத்திருக்க மாட்டார்கள். மக்கள் ரோட்டில் இறங்கி நடப்பதற்கு முதல் காரணம் இதுவே. புதிய நடைபாதைக்கு நிதி கேட்பதற்கு முன், உங்கள் முக்கிய இருநூறு மீட்டரில் உள்ள எல்லா மூடிகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அகலம் 1.8 மீட்டர் இருந்தால் இரண்டு பேர் எதிரெதிரே போகலாம். இரண்டு குடைகள் எதிரெதிரே போக இன்னும் கொஞ்சம் வேண்டும், ஹட்டன் பக்கத்து மே, ஜூன் மழையில் குடையில்லாமல் யார் நடக்கிறார்கள்? மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடுங்கள். பளபளக்கும் தரை ஓடு பதித்துத் திறப்பு விழா நடத்திய நடைபாதைகள் பாசி பிடித்ததும் வழுக்கும். குறுக்குச் சரிவு இரண்டு சதவீதம் போதும், தண்ணீர் வடியும், கால் புரளாது.

நடைபாதைக் கடைகளை அகற்றினால்தான் ஆகும் என்று வியாபாரச் சங்கம் சொல்லும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கீரையும் வெற்றிலையும் விற்கிறவர் சந்தையின் ஒரு பகுதி. நடக்க 1.8 மீட்டர் விட்டு, மிச்சம் உள்ள இடத்தில் கோடு போட்டு அவர்களுக்குக் கொடுங்கள். அதே சமயம், கடையின் சாமான்களை வெளியே அடுக்கி நடைபாதையை விழுங்கும் பெரிய கடைகளுக்கும் அதே கோடு பொருந்த வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் நம் சபைகள் வழக்கமாக மறந்துவிடும்.

கடை முன்னால் வாகனம் நிறுத்த இடம் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயமும் வரும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு கடைத்தெருவில் இதை விசாரித்தார்கள். வாடிக்கையாளரில் 41 சதவீதம் பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்கள் நினைத்தார்கள், வாடிக்கையாளரைக் கேட்டால் 22 சதவீதம்தான். உங்கள் டவுனில் இந்த எண் இன்னும் குறைவாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மாணவர்களை அனுப்பி ஒரு சனிக்கிழமை கேட்டுப் பாருங்கள். கடை வாசலில் நிற்கும் வேன் பெரும்பாலும் கடைக்காரரின் சொந்த வேனாகவே இருக்கும்! சாமான் இறக்கும் லொறிக்குக் காலை ஏழு மணிக்கு முன் நேரம் ஒதுக்குங்கள். மருந்துக்கடை, ஆஸ்பத்திரி வாசலில் பத்து நிமிட நிறுத்தம் மட்டும் விடுங்கள்.

இங்கிலாந்தைச் சொன்னதால் உங்களிடம் சைக்கிள் பாதை கேட்டவருக்கும் ஒரு பதில். அங்கே சந்தை டவுன்களுக்கு 2017 முதல் நடை, சைக்கிள் திட்டங்களை உள்ளூர்ச் சபைகள் தயாரிக்கின்றன; 2020இல் சைக்கிள் பாதை வடிவமைப்புக்கு விரிவான வழிகாட்டியும் வந்தது. அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியது முறையை: முதலில் ஆட்கள் போகும் வழிகளின் வலையை முழுதாக வரை, பிறகு அதில் எங்கே அறுந்திருக்கிறது என்று பார், அறுந்த இடத்தில் பணத்தைப் போடு. பொருளை அப்படியே எடுக்க முடியாது. எட்டுச் சதவீத ஏற்றத்தில், பஸ்ஸும் லொறியும் உரசும் வீதியில், ஒரு மீட்டர் கோடு போட்டு இது சைக்கிளுக்கு என்று எழுதுவது ஏமாற்று. நுவரெலியாவில் கிரெகரி ஏரியைச் சுற்றிய சமதரை வேறு கதை, அங்கே சைக்கிளுக்கு நியாயமான இடம் இருக்கிறது. பாடசாலைகளையும் நகரையும் அப்படி இணைக்கலாம். உங்கள் டவுனில் நடைதான் முதல்.

செஷயர் பகுதியில் பொயின்டன் என்ற சிறிய டவுனும் அடிக்கடி உதாரணமாகக் காட்டப்படும். அங்கே 2012 வாக்கில் சிக்னல்களையும் விளிம்புகளையும் எடுத்துவிட்டு, எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஒரே தளமாகச் சந்தியை மாற்றினார்கள். வாகனம் மெதுவாகியது, கடைத்தெரு மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் விளிம்புக் கல் இல்லாத இடத்தில் தடி தட்டி நடக்கும் பார்வையற்றவர் எங்கே தெரு தொடங்குகிறது என்று அறிய முடியாது என்ற எதிர்ப்பு நாடெங்கும் வலுத்தது. 2018இல் அரசாங்கமே இத்தகைய பகிர்தளத் திட்டங்களை நிறுத்தி வைக்கச் சபைகளைக் கேட்டது. ஆகவே யாராவது அழகான படத்தோடு வந்து எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கலாம் என்றால், விளிம்பு இருக்கட்டும் என்று சொல்லுங்கள். கடக்கும் இடத்தில் மட்டும் அது தாழட்டும்.

இனி டவுனுக்கு வெளியே ஒரு பார்வை. சந்தியை மட்டும் திருத்தினால் பாதி வேலைதான். உங்கள் டவுனுக்கு வருகிறவர்களில் பெரும்பங்கினர் தோட்டத் தொழிலாளரின் லயக் குடியிருப்புகளிலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கி வருகிறார்கள். தேயிலைக்கு நடுவே மண்படி, ஒரு ஓடை, பிறகு தண்டவாளம். தண்டவாளத்தில் நடப்பது சட்டவிரோதம், உயிராபத்து, எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நடக்கிறார்கள், ஏனென்றால் ரயில் பாதையின் சரிவு 44க்கு 1ஐத் தாண்டுவதில்லை. மலையில் கால் வலிக்காமல் போகக்கூடிய ஒரே சமமான வழியை 19ஆம் நூற்றாண்டில் ரயிலுக்குக் கட்டினார்கள், நடக்கிறவருக்கு யாரும் கட்டவில்லை. எச்சரிக்கைப் பலகையால் இதைத் தடுக்க முடியாது. பக்கத்தில் நடக்கக்கூடிய வேறு வழி இருந்தால்தான் ஆட்கள் அதை விட்டு வருவார்கள். குறுக்குப் பாதைகளில் 15 சென்டிமீட்டர் உயரமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட படிகள், ஒரு பக்கம் கைபிடி, படியை அரிக்காமல் தண்ணீரை ஓரத்துக்குத் திருப்பும் சின்னக் கான், இரவில் இரண்டு மூன்று விளக்கு. இவ்வளவுதான். ஒரு மேம்பாலத்தின் செலவில் இப்படிப் பல பாதைகளைச் செய்துவிடலாம்.

தோட்டத்துக்குள் சபைப் பணம் போகலாமா என்று உங்கள் செயலாளர் தயங்குவார். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு நீண்ட காலம் அதற்குத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. பழைய பழக்கம் மட்டும் சில கந்தோர்களில் இன்னும் மிச்சம். காணி தோட்டக் கம்பெனியின் பொறுப்பில் இருப்பதால் அவர்களோடு எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். தோட்டத்தை நடத்தும் துரை மாறினால் பேச்சும் மாறும்.

எழுத்து என்றதால் வீதியின் சொந்தக்காரரையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஏ, பி வகுப்பு வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி என்றால் மாகாணம். மிச்சம் உங்கள் சபை. பெரும்பாலும் ஒரே சந்தியில் மூன்று பேரும் சந்திப்பார்கள். தண்டவாளம் அருகே என்றால் ரயில்வே திணைக்களம் நான்காவது ஆள். பிரதான வீதியின் விளிம்புக் கல்லை நீங்களாக நகர்த்த முடியாது, ஆனால் பக்கத் தெரு உங்களுடையது என்றால் அதன் வாயைச் சுருக்கும் வேலையை நீங்களே தொடங்கலாம். மேட்டை வெட்ட வேண்டிய எந்த யோசனைக்கும், மண்சரிவு ஆபத்தைக் கணிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தை முன்கூட்டியே கேளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் நம் மலைகள் எப்படிச் சரிந்தன என்று பார்த்த பிறகும், அரை மீட்டர் வீதிக்காக மேட்டின் அடியை வெட்டச் சொல்கிறவரோடு வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எதையும் கொங்கிரீட்டில் செய்வதற்கு முன் பரீட்சித்துப் பாருங்கள். மணல் மூட்டை, பெயின்ட், பொலிஸிடம் உள்ள கூம்புகள், பழைய டயர். மூலைகளைச் சுருக்கி, பஸ் தரிப்பிடத்தைத் தள்ளி, கடவையை மாற்றி, ஆறு வாரம் விடுங்கள். ஆறு வாரம் ஏன் என்றால், குறைந்தது ஒரு சம்பள நாளாவது அதற்குள் வர வேண்டும், முதல் வாரத்தின் கோபமும் அடங்க வேண்டும். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் தொடங்காதீர்கள், எதைச் செய்தாலும் அன்றைக்கு அடைக்கும். மஸ்கெலியா வழியில் இருக்கும் டவுன் என்றால் டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரையான சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தையும் தவிருங்கள். அந்த வார இறுதிகளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும், வருடம் முழுவதற்குமான சந்தியை அதற்காக வடிவமைக்கக் கூடாது.

பரீட்சை முடிந்ததும் அதே பிள்ளைகளை அதே தாள்களோடு மறுபடி நிறுத்துங்கள். பஸ் சந்தியைக் கடக்க எடுத்த நேரம், ஆட்கள் கடந்த கோடுகள், மூட்டையோடு ரோட்டில் இறங்கி நடந்தவர்கள் எத்தனை பேர். இந்த மூன்றையும் முன், பின் என்று ஒரே பக்கத்தில் போட்டு, போக்குவரத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறியியலாளர் அந்தக் கூட்டத்தில் இருப்பார். சிக்னல் தேவையா என்ற கேள்வியை அப்போது அவரிடமே கேளுங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகும் தேவை என்று சொன்னால், போடட்டும், ஆனால் நடக்கிறவருக்கான பச்சை எத்தனை விநாடி என்பதை அவர் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும்.